டோரீனின் சனிக்கிழமையும் எண்ணெய்ச் சட்டியும்

அன்பிற்குரிய மச்சினி மேவிஸுக்கு,

உன் அத்தான் சிரில் ஆர்மிடேஜ், கிர்க்ஷாவிலிருந்து, ஒரு கையில் பேனாவும் மறு கையில் பன்றி இறைச்சியுமாக எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் நலம். உன் அக்கா டோரீன், இடுப்பு ஒன்று நீங்கலாக, நலம். அங்கே மோர்கம்பில் நீயும் சகலை நார்மனும் அவருடைய புறாக்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே காலையிலிருந்து மேகமூட்டம். மழை வரும் என்கிறார்கள். வராமலும் போகலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் கண்டதும் ரயிலேறிப் புறப்பட்டு வா. இது உன் கையில் கிடைக்கும்போது திங்கட்கிழமை ஆகியிருக்கும், என் அவசரமோ இன்று சனிக்கிழமை சாயங்காலத்தோடு முடிந்துவிடும், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் வா. டெலிபோன் செய்திருக்கலாமே என்பாய். செய்தால் என்ன நடக்கும்? மோர்கம்பில் மழையா என்று நான் கேட்பேன், கிர்க்ஷாவில் மழையா என்று நீ கேட்பாய், “சரி, வெச்சிடட்டுமா” என்று இரண்டு பேரும் வைத்துவிடுவோம். மனதில் இருப்பதைச் சொல்ல எனக்குப் பேனா வேண்டும். அதோடு, எண்ணெய் காயும் வரை சும்மா நிற்க முடியவில்லை. எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் தேவலை.

டோரீன் செவ்வாய்க்கிழமை முக்காலி மேல் ஏறி, அலமாரி உச்சியிலிருந்த பெரிய டப்பாவை எடுக்கப் போய் விழுந்தாள் என்பது உனக்குத் தெரியும். நான் ஓடிப் போனபோது சமையலறைத் தரையில் கிடந்தபடி, “சிரில், இடுப்பு போச்சுய்யா. டப்பா நசுங்கலியே?” என்று கேட்டாள். டப்பாவுக்கு ஒன்றுமில்லை. அது கிரிக்கெட் கிளப்புக்கு ஸ்காட்ச் முட்டை கொண்டுபோகும் டப்பா. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்துக்காரர்களோடு ஆட்டம். அன்றைய தேநீர் விருந்து உன் அக்காவின் முறை. இருபது வருஷத்துக்கு மேலாக அந்தச் சனிக்கிழமை அவளுடையது. அவித்த முட்டையை உரித்து, இறைச்சியால் போர்த்தி, ரொட்டித் தூளில் உருட்டி, எண்ணெயில் பொரித்து, அவள் கொண்டுபோய் வைத்தால்தான் ஆட்டக்காரர்கள் பெவிலியனுக்குள் காலெடுத்து வைப்பார்கள் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம்.

எங்கள் கிளப்பின் சட்டம் உனக்குத் தெரியாது. எழுதி வைத்த சட்டமல்ல, ஆனால் எழுதி வைத்ததைவிடக் கடுமையானது. உன் சனிக்கிழமைக்கு உன் வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை என்றால், அன்றைக்குக் கைகொடுத்தவர்களுக்கே அந்தச் சனிக்கிழமை சொந்தமாகிவிடும். யாரும் பிடுங்க மாட்டார்கள். “நீங்க சிரமப்படாதீங்க” என்று அன்பாகச் சொல்வார்கள், அவ்வளவுதான், முடிந்தது கதை. போன வருஷம், கிளப்பில் இன்னொரு சனிக்கிழமை வைத்திருந்த மார்ஜரி, தன் பேரனுடைய ஞானஸ்நானத்துக்குப் போனாள். அவளுடைய சனிக்கிழமையை, எதற்கும் முந்திக்கொண்டு வரும் பெரில் ஹாக்ஸ்வொர்த் பார்த்துக்கொண்டாள். இன்றைக்கு மார்ஜரி காகிதக் கைக்குட்டை கொண்டுவருகிறாள். பத்து வகை கேக் செய்த கை, மேவிஸ், காகிதக் கைக்குட்டை!

டோரீன் ஆஸ்பத்திரியில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். எதையும் கேட்பதில்லை. அவள் எதை நினைத்துக் கிடக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? அவள் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வரும்போது அந்தச் சனிக்கிழமையும் போயிருந்தால், ஊருக்குள் அவளுக்கு என்ன இருக்கும்? எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் மறைப்பானேன். அதனால்தான், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நானே செய்துவிடுவது என்று இறங்கினேன். ஆயுசு முழுக்க பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். போலி டிக்கெட்டை இருட்டில் தடவிப் பார்த்தே கண்டுபிடித்தவன். ஒரு முட்டைக்குச் சட்டை போடத் தெரியாதா என்று நினைத்தேன்.

இரு, சட்டி சீறுகிறது. பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்றுமில்லை, தண்ணீர்ச் சொட்டு. எங்கே விட்டேன்? முட்டை. பக்கத்து வீட்டு எட்னாவிடம் நேற்றே சொல்லி வைத்து, இன்று காலையில் கோழியின் சூடு ஆறுவதற்குள் வாங்கிக்கொண்டேன். எதிலும் புதுசுதானே நல்லது? அவித்து உரித்தால், ஓடு வருகிறது, ஓட்டோடு வெள்ளைக்கருவும் வருகிறது, மஞ்சள்கரு எட்டிப் பார்க்கிறது. உரித்து முடித்த முட்டைகளைப் பார்த்தால் எலி கொறித்த மாதிரி இருந்தது. புது முட்டை உரிபடாது, ஒரு வாரம் கிடந்தால்தான் தோல் விடும் என்று எட்னா பிறகு சொன்னாள். கொடுக்கும்போது சொல்ல வேண்டியதுதானே என்றேன். “நீ கேட்கலியேப்பா. நான் எதுக்கு மூக்கை நுழைக்கணும்?” என்றாள். அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

இறைச்சிக் கதை அதைவிட மோசம். கடைக்காரன் ஸ்டான் மற்றவர்களுக்குத் தளர்வாக அரைத்த இறைச்சியை உருண்டையாகப் பொட்டலம் கட்டிக் கொடுப்பானாம். எனக்கு அது தெரியாது. “எதுக்கு சிரில்?” என்று அவன் கேட்கத்தான் செய்தான். என் பின்னால் வரிசையில் பெரிலின் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். முட்டைக்கு என்று சொன்னால், நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி பெரில் வீட்டுக்குப் போயிருக்கும். “சும்மா, சாப்பிடத்தான்” என்றேன். தோலுக்குள் அடைத்த சாசேஜ்களை நீளமாக எடை போட்டுக் கொடுத்துவிட்டான். ஒவ்வொன்றையும் கத்தரியால் கீறி, உள்ளே இருப்பதைப் பிதுக்கி எடுத்தேன். பல் தேய்க்கும் பசையை வெளியே எடுக்கிற மாதிரி ஒரு வேலை. அதைத் தட்டி முட்டை மேல் போர்த்தினால் முட்டை நழுவிக்கொண்டு போகிறது. ஒன்று அடுப்புக்கு அடியில் உருண்டது. இரண்டை நாய் தின்றது. அது ஒன்றுக்குத்தான் இன்றைக்கு நல்ல நாள்.

அந்த நேரத்தில்தான் எட்னா வேலி வழியாக என்னைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். என் சட்டையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். “அடப் பாவமே. நீ உக்காருப்பா, முதல்ல ஒரு டீ போடுறேன். முட்டையை மாவுல பொரட்டிட்டு அப்புறம் இறைச்சியைப் போர்த்து, வழுக்காது” என்றாள். மகராசி சொன்னது பலித்தது. மாவில் புரட்டியதும் முட்டை சாதுவாக உட்கார்ந்துகொண்டது. ரொட்டித் தூளில் உருட்டி, நான் ஓய்வு பெற்றபோது டெப்போவில் கொடுத்த மின்சாரப் பொரிப்புச் சட்டியில் முதல் ஈட்டைப் போட்டேன். நிறம் மாறுகிறது, வாசனை வருகிறது, எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, திடீரென்று வீடு இருண்டது. ரேடியோ நின்றது. சட்டி நின்றது. ஃப்யூஸ்.

படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் ஃப்யூஸ் பெட்டிக்குத் தவழ்ந்து போய்க் கம்பி மாற்றி, தலையில் இடித்துக்கொண்டு வெளியே வருவதற்குள் எண்ணெய் ஆறிப்போய், முட்டைகள் அதைக் குடித்துக் கிடந்தன. எட்னா டீ குடிக்காமலே போய்விட்டாள். எங்கள் வீட்டிலிருந்து அவள் டீ குடிக்காமல் போனது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. சட்டி பழசாகிவிட்டது, அதுதான் கோளாறு என்று முடிவு செய்து, மறுபடி காய வைத்தேன்.

இரண்டாவது ஈடு எண்ணெயில் இறங்கியதும் பாதிரியார் வந்தார். டோரீனை விசாரிக்க. நல்ல மனிதர், எதையும் கண்டுகொள்ளாத மாதிரி பார்க்கத் தெரிந்தவர். என் புருவத்தில் ரொட்டித் தூள் ஒட்டியிருந்ததை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. “உங்க கை ரெண்டும் வேலையா இருக்கு ஆர்மிடேஜ், நீங்க அலட்டிக்காதீங்க, டீயை நானே போட்டுக்கறேன். இந்த மாதிரி நேரத்துல சூடா ஒரு டீ உள்ள போனா மனசுக்குத் தெம்பு” என்று சொல்லிக்கொண்டே மறுபக்கம் திரும்பினார். இருட்டு. “கவலைப்படாதீங்க, நான் டார்ச் பிடிக்கறேன்” என்று அவரும் என்னோடு படிக்கட்டுக்கு அடியில் புகுந்தார். இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டன. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் அவரிடம் கேட்டேன், யாருடைய தவறு என்று தீர்மானிக்கவே கொஞ்ச நேரம் போயிற்று. முட்டையெல்லாம் எண்ணெயில் ஊறிவிட்டது. முட்டையைவிட எண்ணெயின் எடைதான் அதிகமாக இருந்தது.

மூன்றாவதாக யார் வந்திருப்பார்கள் என்று நீயே சொல்லிவிடுவாய். பெரில். கையில் ஒரு தட்டு, தட்டின் மேல் துணி, துணிக்கு மேல் அனுதாபம்.

“சிரிலண்ணே, கேள்விப்பட்டேன். டோரீன் பாவம். இந்தப் பக்கமா வந்தேன், சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போலாம்னு.”

எங்கள் வீடு எந்தப் பக்கத்துக்கும் வழியில் இல்லை. தெருவின் கடைசி வீடு, அதற்கப்புறம் செம்மறி ஆடுகள்தான்.

“நல்லாத்தான் இருக்கா. எல்லாம் தயாராயிட்டிருக்கு” என்றேன். என் பின்னால் சட்டியில் ஒரு முட்டை வெடித்தது.

“நீங்க சிரமப்படாதீங்கண்ணே. என்கிட்ட வீட்ல சுட்ட இறைச்சிப் பலகாரம் நிறைய இருக்கு. நான் வேணா பார்த்துக்கறேனே. ஒரு வருஷம்தானே?”

அந்த வார்த்தை. சிரமப்படாதீங்க! மார்ஜரிக்குச் சொன்ன அதே வார்த்தை, அதே புன்னகை. “ரொம்ப நல்ல மனசு பெரில், ஆனா இதோ முடிஞ்சிருச்சு” என்றேன். “அப்போ சரி. உங்களைப் பார்த்தா ரொம்பக் களைச்சுத் தெரியுது. உக்காருங்க, ஒரு டீ போட்டுத் தர்றேன்” என்றாள். மறுபடியும் இருட்டு.

அவள் போன பிறகு கம்பி மாற்றிவிட்டு வந்து, சட்டி காயும் வரை இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கைவசம் ஒரே ஒரு துண்டுக் கம்பிதான் மிச்சம். யார் யார் வந்தார்கள், என்னென்ன சொன்னார்கள் என்று உனக்கு ஒழுங்காக எழுதலாமே என்று மேலே ஒரு முறை படித்துப் பார்த்தேன்.

மேவிஸ்! கெட்டில்!

எட்னா டீத் தண்ணீருக்கு மின்சாரக் கெட்டிலைப் போட்டாள், பாதிரியார் போட்டார், பெரில் போட்டாள். அதுவும் பொரிப்புச் சட்டியும் சேர்ந்தால் எங்கள் பழைய ஃப்யூஸ் எப்படித் தாங்கும்? என் துக்கத்துக்கு ஆறுதல் சொல்லச் சொல்லத்தான் துக்கம் கூடியிருக்கிறது. இத்தனை வருஷமாக டோரீன் இந்த ஒரு நாள் காலையில் சமையலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒருவரையும் உள்ளே விடாதது, கைப்பக்குவம் வெளியே போய்விடக் கூடாது என்றுதான் என்று நினைத்திருந்தேன். டீ போட வருகிறவர்களுக்குப் பயந்துதான் போலிருக்கிறது. இப்போது கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் மாடியில் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். டீயிலேயே வளர்ந்த ஒரு யார்க்ஷயர்க்காரன் தன் கெட்டிலைப் பூட்டி வைக்கிற நிலைமைக்கு வந்தாயிற்று. வாசற்கதவையும் தாழிட்டாயிற்று. கடைசி ஈடு இறங்கப் போகிறது. முடிந்தால் எனக்காக வேண்டிக்கொள், திங்கட்கிழமையானாலும் பரவாயில்லை.

சாயங்காலம்.

மேவிஸ், மேலே எழுதியதை மறந்துவிடு. நீ வரவேண்டாம். ஜெயித்துவிட்டோம்! ஆட்டத்தில் அல்ல, ஆட்டத்தில் படுதோல்வி, அதை விடு. முட்டையில்.

கடைசி ஈடு பொன்னிறமாக வந்தது. மூன்று மட்டும்தான் நல்ல உருவத்தில் இருந்தன, அவற்றை மேலே அடுக்கினேன். எண்ணெய் குடித்தவற்றை நடுவில் வைத்தேன். வெடித்தவற்றை லெட்டூஸ் இலைக்குக் கீழே மறைத்தேன். டப்பாவைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்தபோது தேநீர் இடைவேளை. பெரில் ஒரு தட்டு இறைச்சிப் பலகாரத்தோடு மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், எங்கே இடம் காலியாகும் என்று. “தள்ளிக்கம்மா” என்று நான் சொல்லவில்லை. “மன்னிக்கணும் பெரில், இது டோரீனோட இடம்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் குரலில் இருந்தது.

நம் ஆட்களைப் பற்றி என்ன சொல்வது! எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எதிரணித் தலைவர் ஒரு கடி கடித்துவிட்டு, சற்று நேரம் வானத்தைப் பார்த்து யோசித்து, “இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்லை” என்றார். மிச்சத்தைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி, தன் அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்று பைக்குள் பத்திரப்படுத்தினார். பாதிரியார் கோட்டுப் பாக்கெட்டுக்கு ஒன்றாக இரண்டு எடுத்துக்கொண்டார். நடுவர் தன்னுடையதை நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்று பெவிலியனுக்குப் பின்னால் முட்செடிப் பக்கம் போனார், திரும்பி வரும்போது கை காலியாக இருந்தது. அவ்வளவு வேகமாக ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டில் ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை. நம்பாவிட்டால் மார்ஜரியைக் கேள்.

பிறகு எங்கள் தலைவன் டிரெவர் நாற்காலி மேல் ஏறி நின்று பேசினான். “சிரில் மாமா இன்னைக்குச் செஞ்சது சாதாரண விஷயமில்லை. டோரீன் அத்தை ஆஸ்பத்திரியில இருந்தும் அவங்க சனிக்கிழமை நிக்கல. அதனால கிளப் சார்பா ஒரு மரியாதை. அடுத்த வருஷத்துலேர்ந்து ஆகஸ்ட் முதல் சனிக்கிழமையோட கடைசிச் சனிக்கிழமையும் ஆர்மிடேஜ் வீட்டுக்குத்தான்!” எல்லோரும் கை தட்டினார்கள். பெரில்கூடத் தட்டினாள், மற்றவர்களைவிட அதிகமாகவே தட்டினாள், ஏனென்று புரியவில்லை. ஒரு சனிக்கிழமை போய்விடுமோ என்று பயந்தவனுக்கு இரண்டு!

இப்போது சட்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அந்தச் செய்தி காதில் விழும்போது டோரீன் முகத்தைப் பார்க்க வேண்டும். நீ ரயில் கட்டணத்தை மிச்சப்படுத்திக்கொள். நார்மனுக்கு என் அன்பு. அவருடைய மூட்டுக்கும் புறாக்களுக்கும் ஆண்டவர் சுகம் கொடுக்கட்டும். உங்கள் வீட்டில் எந்தக் குறையும் வராமல், எண்ணெய் எப்போதும் காய்ந்தே இருக்க வாழ்த்தும்,

உன் அன்பு அத்தான்,
சிரில்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். “ஒண்ணுகூட மிஞ்சலியா?” என்றாள் டோரீன். மிஞ்சவில்லை என்றேன். “பெரில்?” என்றாள். “வாயடைச்சுப் போயிட்டா” என்றேன். பிறகு இரண்டு சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். தலையணையை உருவி முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து நானும் கைக்குட்டையை எடுத்தேன்.

தலையணைக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. “ரெண்டா? அடப் பாவி மனுஷா, ரெண்டா?”

தலையணையை விலக்கினாள். “சிரில், எனக்கு அந்த முட்டையைக் கண்டாலே ஆகாதுய்யா. முதல் வருஷத்துலேர்ந்தே ஆகாது. ஜூலை மாசம் பொறந்தாலே அந்த எண்ணெய் நாத்தம் மூக்குல வந்துடும். கீழே விழுந்து கிடந்தேனே, வலி உயிர் போச்சு, ஆனாலும் அப்பாடா, இந்த வருஷம் பெரில் கொண்டு போயிடுவான்னு ஒரு நிம்மதி. நாலு நாளா இங்க படுத்துக்கிட்டு அதைத்தான்யா சந்தோஷமா நெனச்சுட்டிருந்தேன்.”

பின்னே எதற்காக இத்தனை வருஷம் செய்தாய் என்று கேட்டேன்.

“உனக்காகத்தான். முழங்கால் போயி ஆட்டத்தை விட்டதுக்கு அப்புறம் நீ அந்த மைதானத்துப் பக்கமே தலை வெச்சுப் படுக்கல. அந்த டப்பாவைத் தூக்கிட்டுப் போற ஒரு நாள்தான் நிமிர்ந்து நடப்பே. சரி, வருஷத்துக்கு ஒரு காலை, நம்ம ஆளுதானேன்னு உருட்டினேன்.”

மேவிஸ், நான் நிமிர்ந்து நடந்தது அந்த டப்பாவின் கனத்தில் முதுகு பிடித்துக்கொள்வதால். பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆனால் அவள் ஆசை ஆசையாகச் செய்கிறாளே, கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்றுதான் நானும் ஒவ்வொரு வருஷமும் தூக்கினேன். எனக்கும் அந்த முட்டை இறங்காது. அவள் முதன்முதலாகச் செய்தபோது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? இதை அவளிடம் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தாள். சிரித்தால் இடுப்பு வலிக்கிறது என்று டோரீன் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், என் கையை விடவே இல்லை.

ஆகவே நீ உடனே புறப்பட்டு வா. முதலில் எழுதியதுதான் சரி, நடுவில் எழுதியதை அடித்துவிடு. கிளப்புக்குப் போய், டிரெவர் முகத்தைப் பார்த்து, இனி எங்கள் வீட்டிலிருந்து முட்டை வராது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். எங்களால் ஆகாது. எங்களுக்குள் சொல்லிக்கொள்வதற்கே இருபது வருஷமும் ஒரு இடுப்பும் ஆகியிருக்கிறது.